அரைப்பேர்

விடியக்காலை நாலரை மணி, வவுனியா பஸ் நிலையம். ஐந்து பேரின் காசையும் ஒரே பையில் போட்டு எண்ணினோம்: நாற்பதாயிரம் ரூபா. மூன்று நாளில் கண்டி, நுவரெலியா போய்த் திரும்ப வேணும். பஸ், ரெயின், சாப்பாடு, படுக்கை எல்லாம் அதுக்குள்ள. இன்ஸ்ரகிராமில் மலையகம் போகிற ஆக்கள் சிலபேர் இந்தக் காசை ஒரு இரவுக்குக் குடுப்பினம். எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் காணும் என்று முடிவெடுத்துத்தான் வெளிக்கிட்டோம். 2024 ஓகஸ்ட் மாதம்.

நான்கு பேருக்கு அது சுற்றுலா. ஐந்தாவது ஆளுக்கு அப்படியில்லை. தன்ர பேரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், ஆகவே நண்பன் என்றே வைத்துக்கொள்வோம். வவுனியாவில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய அப்பாயி (நாங்கள் அப்பம்மா என்று சொல்லுகிறவ) 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வந்தவ. அதுக்குப் பிறகு ஒரு நாளும் திரும்பிப் போனதில்லை. தோட்டத்தின்ர பேர் என்ன என்று கேட்டால் "மேட்டுத்தோட்டம்" என்பா. கூகுள் மப்பில் அப்படி ஒன்றும் இல்லை.

நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். மதவாச்சி தாண்டும்போதுதான் எங்களுக்கு உறைத்தது, நாங்கள் போகிற ரோட்டே ஒரு வரலாறு என்று. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கொலரா, வயிற்றோட்டம், பசி, காட்டு மிருகம். எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை, ஏனென்றால் ஒருவரும் எண்ணவில்லை. 2023இல், வந்து இருநூறு வருடம் என்பதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. செய்தியில் பார்த்து 'லைக்' போட்டவர்களில் நாங்களும் அடக்கம். அந்த நடை எங்கட வீட்டு வாசலுக்குக் கிட்டத்தான் போனது. ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை.

அவர்கள் வாரக்கணக்காக நடந்த தூரத்தை நாங்கள் ஒரு பகலுக்குள், இருக்கை கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு கடந்தோம்.

கண்டியில் இரவு, பேராதனையில் படிக்கிற சிநேகிதியின் போர்டிங்கிலும் அவளுக்குத் தெரிந்த பெடியன்களின் அறையிலும் பிரிந்து படுத்ததால் தங்கிற செலவு பூச்சியம். காலையில் தலதா மாளிகைக்குப் போகாமல் மகையாவைக்குப் போனோம். அங்கே பழைய மயானம் ஒன்றில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல், இருபது வயதுகூட ஆகாமல் இங்கே வந்தவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டவர். கண்டிக்கு ரெயில் வந்ததும் அதே வருடம்தான். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் ஒரு மஞ்சள் பூஞ்சணம் தெரிந்தது. பதினைஞ்சு, இருபது வருடத்துக்குள் கோப்பி ராச்சியம் சரிந்தது. டெய்லரின் பத்தொன்பது ஏக்கர்தான் பிறகு மலை முழுவதும் பரவியது. மனுசன் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் விடுமுறை எடுத்தவராம், அதுவும் டார்ஜிலிங்கில் தேயிலை பார்க்க. இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

1892இல் அவர் இறந்தபோது உடலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குத் தோளில் சுமந்து வந்தார்கள். இருபத்துநான்கு பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு கூட்டம், நாலு மைலுக்கு ஒருக்கா மாறி மாறி. பின்னால் கங்காணிமாரும் தொழிலாளர்களும் நடந்து வந்தார்கள் என்று டெய்லரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். அன்பின் அடையாளமாகச் சொல்லுவார்கள். அன்பு இருந்திருக்கலாம், அதை மறுக்க நாங்கள் ஆர். ஆனால் கல்லில் டெய்லரின் பேர் இருக்கிறது, வயது இருக்கிறது, தோட்டத்தின் பேர் இருக்கிறது, செத்த திகதி இருக்கிறது. தூக்கி வந்த இருபத்துநான்கு பேரில் ஒருவரின் பேராவது எங்கேயாவது இருக்கா என்று நண்பன் கேட்டான். மகையாவை என்பது மயானம் மட்டுமில்லை. கண்டி நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிற தமிழ்க் குடும்பங்கள் பரம்பரையாக வாழ்கிற இடமும் அதுதான். கல்லறைக்குப் போகிற வழியை எங்களுக்குக் காட்டியது அந்தப் பக்கத்துப் பெடியன் ஒருவன்.

அடுத்தது மூன்றாம் வகுப்பு ரெயின். மலிவு ரிக்கெட், நிற்க இடமில்லை, கதவோரம் முழுக்க வெள்ளைக்காரப் பயணிகள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அழகான பாதைதான், பொய் சொல்லக் கூடாது. நாங்களும் படம் எடுத்தோம். ஆனால் இந்தப் பாதை ஒருவரும் அழகு பார்க்கப் போட்டதில்லை. முதலில் கோப்பி, பிறகு தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்க வேணும், அரிசியும் ஆக்களும் மேலே ஏற வேணும். 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹற்றன், 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. தோட்டம் ஏற ஏற ரெயிலும் ஏறியது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு; பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பிடுங்குகிற காலத்துக்கு வந்து, முடிய ஊருக்கு நடந்து போகலாம். பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள். தேயிலை அப்படியில்லை. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேணும், எடுக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே குடும்பமாக ஆக்கள் வேணும், பெண்களின் கை வேணும், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து அடுத்த தொழிலாளியாக வேணும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை: அந்த லயம் தேயிலையின் தேவைக்கு அளந்து கட்டின வீடு. "வந்தேறிகள், திரும்பிப் போகவேண்டியவர்கள்" என்று பிறகு பாராளுமன்றத்தில் பேசினவர்கள், போகாமல் இருக்கச் செய்ததே இந்தப் பயிர்தான் என்பதைப் பேசவில்லை.

போகவும் விடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த செலவு கங்காணியின் கணக்கில் கடனாக நிற்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேணும். அந்தக் கடதாசியில் எழுதியிருப்பது ஆளின் கடன். புதுத் துரை கடனைக் கட்டி ஆளை எடுப்பார். 1921இல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிற்பாட்டினார்கள். 1900களின் தொடக்கத்தில் கடல் தாண்டி வந்தவர்களுக்கு 'டின் டிக்கெட்' என்று ஒரு தகர வில்லை. அதில் பேர் இல்லை, எந்தத் தோட்டம் என்பதற்கான இலக்கம் மட்டும். புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் படிக்க ஒரு கையடக்க நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் அச்சானது. அதன் தலைப்பு 'இங்கே வா'. ஒரு மொழியிலிருந்து அவர்களுக்கு முதலில் தேவைப்பட்ட இரண்டு சொல் அதுதான்.

தலவாக்கலை, கிரேட்வெஸ்டர்ன் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பலகைகளை வாசித்துக்கொண்டு போனோம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பேர்களைக் கேளுங்கள்: ஹோலிரூட், டெவன், சோமர்செட், எடின்பரோ, டன்சினன். துரைமார் தங்கட ஊரை நினைத்து வைத்த பேர். சனம் தங்களுக்குள் புழங்கின பேர் வேறு. பலகையில் ஏறாததால் மப்பிலும் ஏறவில்லை. அப்பாயியின் மேட்டுத்தோட்டம் எங்களுக்கு அகப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1,868 மீற்றர் உயரம், குளிர். செங்கல் தபாலகம், குதிரை ஓட்டத் திடல், பழைய கிளப்புகள். கிராண்ட் ஹோட்டலின் புல்வெளியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். 'குட்டி இங்கிலாந்து' என்று எங்கட ஆக்களே பெருமையாகச் சொல்லுவதன் காரணம் இன்னும் விளங்கவில்லை. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மலிவு அறை, ஐந்து பேருக்கு நான்கு போர்வை. கடையில் குடித்த பிளேன்ரீ சுமார்தான். நல்ல தரமெல்லாம் கப்பலேறி விடும்.

மூன்றாம் நாள் காலை நண்பன் அப்பாயிக்கு போன் எடுத்து அடையாளம் கேட்டான். ரெயில் பாதையைக் கடந்து ஏற வேணும், ஒரு பெரிய பாறை வரும், பாறைக்கு மேலே மாரியம்மன் கோயில், கோயிலுக்குக் கீழே பீலி. இதை வைத்து ஓட்டோக்கார அண்ணை ஒருவரிடம் கேட்டோம். அவர் இரண்டு செக்கன் யோசித்துவிட்டு, "ஓ, மேட்டுத்தோட்டமா? ஏறுங்க" என்றார். மப்பில் இல்லாத பேர் ஓட்டோவில் இருந்தது.

தோட்டத்தின் பலகைப் பேரை இங்கே எழுதவில்லை. அலுவலகத்தில் பழைய செக்ரோல் பார்க்கலாமா என்று கேட்டபோது ஒரு சிரிப்புத்தான் பதிலாகக் கிடைத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போய், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்து, எத்தனையோ கை மாறின இடம். கரையான் தின்றிருக்கும் என்றார் ஒருவர். அப்பாயியின் பேர் எழுதின புத்தகம் அதோடு முடிந்தது.

லயத்து வாசலில் இருந்த அம்மா ஒருவர், "எங்கயிருந்து வர்றீங்க தம்பி?" என்று கேட்டு, சொல்ல முதலே தேத்தண்ணி வைத்துவிட்டார். அன்று அவருக்கு வேலை இல்லை. அவரிடம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பைப் படித்தோம். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர், 'பேர்'. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் விழ வேணும், பின்னேரம் கொழுந்து நிறுத்து அளவு சரியாக இருக்க வேணும். "பதினெட்டுக் கிலோ எடுக்கலன்னா அரைப்பேருதான் தம்பி. மழ பேஞ்சாலும் அரைப்பேரு, அட்ட கடிச்சு இறங்குனாலும் அரைப்பேரு." அப்போது நாள் சம்பளம் ஆயிரம் ரூபா, 2021இல் வர்த்தமானியில் வந்தது. 1,700 ஆக்கி மே மாதம் இன்னொரு வர்த்தமானி வந்து, கம்பனிகள் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. எங்கட நாற்பதாயிரத்தை அவரின் ஆயிரத்தால் மனதுக்குள் பிரித்துப் பார்த்தோம். நாற்பது முழுப்பேர். நாங்கள் 'பட்ஜெட்' பயணம் என்று பீற்றிக்கொண்டு வந்த காசு.

அந்த அம்மாவுக்கு வரும் கடிதம் இந்தக் காம்பராவுக்கு வராது. லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பேரும் இல்லை. எல்லாம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்தி வந்து வாய்ப்புப் போன பிள்ளைகளின் கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

கடதாசிதான் இந்தச் சனத்தின் கழுத்தைப் பிடித்த பொருள். 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. அதே வருடம் கோ. நடேசய்யர் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள், மீனாட்சியம்மை தானே பாட்டுக்கட்டிப் பாடினார். 1940இல் முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். 1947 தேர்தலில் தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை உட்பட மலையகத்திலிருந்து பலர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் விண்ணப்பிக்கலாம் என்று இன்னொரு சட்டம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டார்கள், சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட பாராளுமன்றத்தில் இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாக. அப்பாயியின் அண்ணன் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. தலைமன்னாருக்குப் போன அந்த ரெயினுக்குச் சனம் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணன் இப்போது இல்லை; அவரின் பிள்ளைகள் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கின தேயிலைத் தோட்டத்தில். கடல் தாண்டியும் அதே குளிர், அதே கொழுந்து. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம், சனம் பட்டினியில் செத்தது. 1977 மேயில் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் சூட்டில் இறந்தார். ஓகஸ்டில் கலவரம். அதோடுதான் அப்பாயி மூட்டை கட்டினா.

இதுவரைக்கும் எழுதினது எங்களுக்குச் சுலபம். துரை, கங்காணி, சிறிமா என்று மற்ற ஆக்களின் குற்றம். இனி எழுதுவது கஷ்டம்.

1948 செப்டெம்பரில் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார், அவர் இருந்த அரசாங்கம்தான் அடுத்த சட்டத்தையும் கொண்டுவந்தது. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதை எங்கட வீடுகளில் கட்சிப் பெருமையாகக் கதைப்பார்கள். அதே வீடுகளில்தான் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் புழங்கினது. எங்களில் ஒருத்தியின் வீட்டில், அவள் பிறக்க முதல், தோட்டத்திலிருந்து கூட்டிவந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேலைக்கு நின்றதாம். வீட்டு ஆளின் பேரும் அந்தப் பிள்ளையின் பேரும் ஒன்றாக இருந்ததால் வேறு பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம். பிள்ளையின்ர சொந்தப் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. இதை அவள் ரெயினில் சொன்னாள், நண்பனைப் பார்க்காமல்.

வன்னிக்கு வந்தவர்களுக்கு எல்லாக் கதவும் அடைத்தே இருந்தது என்றும் சொல்ல முடியாது. டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் தொடங்கின காந்தீயம் வவுனியாவில் குடியேற்றங்கள் அமைத்தது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். ஆனால் எல்லைக் காணியில், காட்டோரத்தில், முதல் அடி விழுகிற இடத்தில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அவர்கள்தான். 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். நண்பனின் பெரியப்பாவும் அதில் ஒருவர். பெரியப்பா 'வன்னி மக்கள்' என்ற கணக்கில் செத்தார். உயிரோடு இருக்கும்போது அவரை அந்தக் கணக்கில் சேர்க்காத ஆக்களும் ஊரில் இருந்தார்கள் என்று நண்பன் சொன்னான். எங்களுக்கு மறுமொழி வரவில்லை.

லயத்து அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு வயதான ஐயா தடியூன்றி வந்தார். அப்பாயியின் பேரைச் சொன்னோம். தெரியாது என்றார். அப்பாயியின் தகப்பனின் பேரைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "கவ்வாத்துக்காரரு மகளா? மகனத் தூக்கிக்கிட்டுப் போச்சே, அதுவா?" என்று கேட்டார். நண்பன் தலையை ஆட்டினான். அந்த மகன்தான் அவனுடைய அப்பா.

அப்பாயி இருந்த லயம் இப்போது இல்லை, எப்பவோ எரிந்துபோன இடத்தில் மரக்கறி போட்டிருந்தார்கள். பாறை இருந்தது. கோயில் இருந்தது, ரைல்ஸ் பதித்து, பெயின்ற் அடித்து. கீழே இறங்கினால் பீலி.

வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்தான். சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. அப்பாயி மலையையும் பார்க்கவில்லை, கோயிலையும் கேட்கவில்லை.

"தண்ணி வருதாப்பா?"

"வருது அப்பாயி."

"கைய வையி."

வைத்தான்.

"குளுருதா?"

"குளுருது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நாங்கள் போனைப் பார்த்தோம்; போகவில்லை, அப்பாயியின் நெற்றி மட்டும் திரையில் தெரிந்தது. அதுக்குப் பிறகு அவ கேட்டது நாங்கள் சாப்பிட்டோமா என்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேணும் என்று ஓட்டோக்கார அண்ணை கோர்ன் அடிக்கத் தொடங்கினார். நண்பன் வெறும் தண்ணிப் போத்தல் ஒன்றை எடுத்துப் பீலியில் பிடித்து, மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தான். கண்டிக்கு வரும்வரைக்கும் தாகம் என்று ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.